நாலாவது சம்பாவில் எங்கள் அறுப்பு வண்டி: முன்வாய் அடைப்பும் பத்து ரூபாய் காசும்

போன ஞாயிறு இங்கே சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூட்டாளி ஒருத்தன், "மன்னார்குடியில பெல்ட் வண்டி வாங்கி விட்டிருக்கியே, நானும் ஒன்னு எடுக்கலாமா?" என்று கேட்டான். பெல்ட் வண்டி என்றால் டயருக்குப் பதிலாக ரப்பர் பெல்ட்டில் ஓடும் நெல் அறுப்பு இயந்திரம். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குக் காலையில்தான் தம்பி போன் போட்டு, "அண்ணே, மறுபடி அடைச்சிக்கிச்சு" என்றிருந்தான்.

இன்ஜினைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சேற்றில் இறங்கினாலும் புதையாமல் ஏறி வருகிறது, டீசலும் நாங்கள் பயந்த அளவுக்குக் குடிப்பதில்லை. என் தலைவலி முன்வாய்தான், அதாவது பயிரை வெட்டி உள்ளே இழுக்கும் முன்பகுதி. வெட்டிய நெல் தாள், அதை நடுவுக்குத் தள்ளும் சுருள் தகடு சுற்றிய உருளைக்கு (ஸ்க்ரூ என்போம்) முன்னால் குவிந்து அங்கேயே உருண்டுகொண்டிருக்கும், உள்ளே போகாது, அப்புறம் திடீரென்று ஒரே கட்டாக விழுங்கும், டம்மென்று சத்தம், இன்ஜின் திணறும், பின்னால் வைக்கோலோடு நெல்லும் போகும்.

இரண்டு சம்பா முழுக்க வண்டியைத்தான் திட்டினேன். மெக்கானிக் வந்து செயினை இறுக்கினார், சிலிப் கிளட்சை மாற்றினார், காசு வாங்கிக்கொண்டு போனார். இரண்டே நாளில் பழைய குருடி கதவைத் திறடி. நான் இங்கே ஜூரோங்கில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவன், சும்மா இருக்க முடியுமா? போன வருஷம் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் போட்டேன். இன்ஜினை அணைத்து சாவியைச் சட்டைப் பையில் போடு, அப்புறம்தான் கையை விடணும் என்று முதலில் சொல்லிவிட்டு, ஸ்க்ரூவின் தகட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் ஒரு பத்து ரூபாய் காசை நிற்க வைத்து நுழைக்கச் சொன்னேன். கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுப்பார்களே, அதே காசு. தட்டாமல் உருண்டு அந்தப் பக்கம் போய்விட்டது! அந்தக் காசின் குறுக்களவு 27 மில்லிமீட்டர், எங்கள் வண்டிக் கையேட்டில் இருப்பதோ அதில் பாதிதான். தகட்டின் விளிம்பு தேய்ந்து தேய்ந்து, மெல்லிய தாளெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக்கிடந்திருக்கிறது. ஸ்க்ரூவிலிருந்து நீண்டு தாளை உள்ளே தள்ளும் விரல்களும் கட்டையாகியிருந்தன.

ஸ்க்ரூவை அடித்தட்டுப் பக்கம் இறக்கி, விரல்களை மாற்றி, பயிரை வளைத்து உள்ளே சாய்க்கும் ரீலை வண்டி வேகத்தைவிடக் கொஞ்சமே கொஞ்சம் வேகமாகச் சுற்ற விட்டதும் தாள் பாய் விரித்தமாதிரி உள்ளே போனது. அதையே போனில் பார்த்துக்கொண்டிருந்ததில் என் சோறு ஆறிவிட்டது. மழையில் சாய்ந்த பொன்னிக்கு மட்டும் ரீலை முன்னால் தள்ளித் தாழ்த்த வேண்டும், அது தம்பிக்கே கைவந்துவிட்டது.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஏன் அடைத்தது? தம்பி கூப்பிட்டபோது இங்கே பத்தரை, அங்கே எட்டு மணி. தை மாதப் பனி காய்வதற்குள், பக்கத்து வயல்காரர் அவசரப்படுத்தினார் என்று இறங்கியிருக்கிறான். ஈரத் தாள் சுற்றிக்கொள்ளாமல் என்ன செய்யும்? வண்டிமேல் ஒரு குற்றமும் இல்லை.

இருந்தாலும் கூட்டாளியிடம், "வாங்காதே, நிம்மதி போயிடும்" என்றுதான் சொன்னேன். அவன் ஒருமாதிரி பார்த்தான். அடுத்த சம்பாவுக்கு ஸ்க்ரூத் தகடு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.