ஆயில் சம்ப்: பேப்பர் கேஸ்கெட்டா, சிலிக்கான் பேஸ்டா?

எஞ்சினின் அடியில் ஆயிலைத் தாங்கும் தொட்டியான சம்பைக் கழற்றியாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஆயில் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட் பாதி எஞ்சினிலும் பாதி சம்பிலுமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இனி எதைப் போடுவது?

பேப்பர் கேஸ்கெட்டின் பெரிய வசதி, பூட்டியதும் ஆயில் ஊற்றலாம். தடிமன் எங்கும் ஒரே அளவு. ஆனால் அது உட்காரும் எஞ்சின் முகமும் சம்ப் முகமும் சமமாக இருக்க வேண்டும். பிளேடால் சுரண்டும்போது அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அந்த வழியாகவே ஆயில் கசியும். பிளாஸ்டிக் சுரண்டிதான் நல்லது.

சிலிக்கான் பேஸ்ட் அந்தச் சின்னக் கீறலை நிரப்பிவிடும். அதனால்தான் பலரும் ட்யூபைத் தாராளமாகப் பிதுக்குகிறார்கள், வம்பும் அங்கேதான். வெளியே வழிவதைத் துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் வழிந்திருக்குமே! அந்தத் துணுக்கு பிய்ந்து ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினுக்கே ஆபத்து. 2 மி.மீ. போன்ற மெல்லிய கோடு, ஒவ்வொரு போல்ட் துளையின் உட்பக்கமாகச் சுற்றி வந்தால் போதும். பேஸ்ட் முழுதாகக் காய்ந்து இறுக பெரும்பாலும் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பேப்பருக்கு மேல் பேஸ்டும் பூசினால் இரட்டைப் பாதுகாப்பு என்பார்கள். வேண்டாம், பேப்பர் வழுக்கிப் பிதுங்கிவிடும்.

கம்பெனி பேப்பர் கொடுத்திருந்தால் நான் பேப்பரே போடுவேன். பேஸ்ட் மட்டும் போட்டு வந்த எஞ்சினுக்கு பேஸ்ட்தான். எதுவானாலும் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை; சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.