கார் போர்ச்சா, மாடி அறையா: ஹோம் தியேட்டருக்கு எந்த இடம்?

கோலாலம்பூரில் தெரஸ் வீட்டில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீட்டில், இருப்பவர் ஹோம் தியேட்டர் போட நினைத்தால் அநேகமாக இரண்டு இடங்கள்தான் கண்ணில் படும். ஒன்று, வாசலில் இருக்கும் கார் போர்ச்சை அடைத்து அறையாக்குவது. இன்னொன்று, பிள்ளைகள் படிக்கப் போன பிறகு காலியாகக் கிடக்கும் மாடி அறையை மாற்றுவது. வரவேற்பறையிலேயே பெரிய டிவி வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. ஆனால் அங்கே சாமி விளக்கும் சமையல் சத்தமும் வந்து போகிறவர்களும் இருப்பார்கள். இருட்டும் அமைதியும் கிடைக்காது. அதை விட்டுவிடுவோம்.

செத்தாப்பாக்கில் உள்ள எங்கள் வீட்டில் நான் மாடி அறையை எடுத்துக்கொண்டேன். செராஸில் இருக்கும் என் மச்சான் போர்ச்சை அடைத்தார். இரண்டு பேரிடமும் ஏறக்குறைய ஒரே தரத்துப் புரொஜெக்டர், ஒரே மாதிரி ஸ்பீக்கர். இரண்டு அறைகளிலும் மாறி மாறிப் படம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் சாய்வு மாடி அறைப் பக்கம்.

முதலில் போர்ச்சுக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இடம் தாராளம். 20 அடி அகல வீட்டில் போர்ச்சும் ஏறக்குறைய அதே அகலத்துக்கு வரும். பேஸ் எனும் அடிஸ்தாயி ஒலிக்கு இது பெரிய வரம். அறையின் நீளம் 20 அடி என்றால் அதில் தேங்கி நிற்கும் முதல் ஒலியலை 28 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். என் மாடி அறை மாதிரி 14 அடி அறையில் அது 40 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துவிடும். படத்தில் வெடிச்சத்தம் அதிகமாக உலவும் இடம் அது. அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் இடி மாதிரி அதிரும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் சப்பென்று இருக்கும். மச்சான் அறையில் எங்கே உட்கார்ந்தாலும் பேஸ் ஒரே சீராகக் கேட்கிறது. இதில் என் அறை அதற்கு ஈடில்லை.

டிவி விஷயத்திலும் போர்ச்தான் ஜெயிக்கும். 98 அங்குல டிவி என்றால் அகலம் மட்டும் 2 மீட்டருக்கு மேல். தெரஸ் வீட்டுப் படிக்கட்டுத் திருப்பத்தில் அந்தப் பெட்டியைத் திருப்புவது பெரும்பாடு. மாடி என்றால் புரொஜெக்டரும் சுருட்டி வரும் திரையும்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் திரை அளவுக்கு 14 அடி அறை போதும். 100 அங்குலத் திரையை 11 அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால், சினிமாவுக்கு ஏற்ற, சுமார் 36 பாகைப் பார்வைக் கோணம் வந்துவிடும். முதுகுக்குப் பின்னாலும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

அனுமதி விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். போர்ச்சை அடைப்பது கட்டட மாற்றம். அதற்கு மாநகர் மன்றத்தில் வரைபடம் கொடுத்து எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் கட்டினால், வீட்டை விற்கும் நாளில் வாங்க வருபவரின் வங்கி மதிப்பீட்டாளர் அந்த அறையைக் கணக்கில் சேர்க்காமல் போகலாம். அப்புறம் காரை எங்கே நிறுத்துவது? எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வீட்டுக்கு இரண்டு கார். சாலையோரம் ஏற்கெனவே நெருக்கடி. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் தினமும் காரை விட்டுக்கொண்டு உறவைக் காப்பாற்றுவது கஷ்டம்.

இதையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஈரம். என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான்.

போர்ச்சின் தரை கார் நிற்பதற்காகப் போட்டது. மண்ணின் மேல் நேரடியாகக் கான்கிரீட் ஊற்றியிருப்பார்கள். வெளியிடம்தானே என்று அடியில் ஈரத்தடுப்பு பிளாஸ்டிக் விரிப்பு பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். மழைத் தண்ணீர் வாசல் லோங்காங்குக்கு (வடிகாலுக்கு) ஓட வேண்டும் என்பதற்காகத் தரை சாய்வாக இருக்கும், வீட்டுத் தரையைவிடத் தாழ்வாகவும் இருக்கும். அந்தச் சாய்வைச் சரிசெய்ய மேலே ஒட்டுப்பலகைத் தளம் போட்டு, அதன் மேல் கம்பளம் விரிக்கிறார்கள். மண்ணிலிருந்து கான்கிரீட் வழியாக மேலேறும் ஈரம் அந்தப் பலகைக்கு அடியில் அடைபட்டுக்கொள்ளும். இருட்டு, ஈரம், மரம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் கறையானுக்கு வேறென்ன வேண்டும்?

மச்சானின் அறையில் திரைக்குக் கீழே ஜிப்சம் பலகையின் அடிவிளிம்பு ஒரு சாண் உயரத்துக்கு மாவு பூத்தது போல் வெளுத்திருக்கிறது. விரலால் தேய்த்தால் உப்பு மாதிரி உதிர்கிறது. கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு வாடை. புரொஜெக்டர் லென்ஸின் உள்பக்கம் ஓரத்தில் மெல்லிய கிளை கிளையாகப் பூஞ்சை ஓடியிருக்கிறது, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். படத்தின் இருண்ட காட்சிகளில் ஒரு சன்னப் பனிமூட்டம் வருவது அதனால்தான். வெளிக்கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிடலாம். உள்ளே போய்விட்டால் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும், சில லென்ஸ்களில் அதுவும் நடக்காது.

மச்சான் அலட்சியமாக இருக்கிறவர் இல்லை. நல்ல ஏர்கோன் போட்டார், சுவருக்கெல்லாம் ஒலித்தடுப்புப் பஞ்சு வைத்து வினைல் ஒட்டினார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. யூடியூபில் கராஜை தியேட்டராக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்கா, கனடாவில் எடுத்தவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடு, வெளியே பனி. ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். அதனால் குளிர்ப் பிரதேசங்களில் சுவரின் உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் அடிக்கிறார்கள். இங்கே நிலைமை தலைகீழ். வெளிக்காற்று 28 பாகை, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள், கோலாலம்பூரில் இது சாதாரண நாள். அந்தக் காற்று 24 பாகைக்கு இறங்கினாலே தண்ணீராக மாறத் தொடங்கும். உள்ளே ஏர்கோன் 22, 23 பாகையில் ஓடுகிறது. வெளியிலிருந்து சுவர் வழியாக வரும் ஈரம் குளிர்ந்த வினைலின் முதுகில் போய் நிற்கிறது. வெளியேற வழியில்லை, அங்கேயே பூஞ்சை பிடிக்கிறது. நம் ஊரில் ஈரத்தை வெளிப்பக்கத்தில் தடுக்க வேண்டும், உள்பக்கம் மூச்சுவிட வேண்டும். சாதாரணப் பெயின்ட், துணி போர்த்திய ஒலிப்பலகை, சுவருக்கும் பலகைக்கும் இடையில் காற்று போக ஒரு விரல்கடை இடைவெளி, இவ்வளவு போதும்.

தியேட்டர் அறைக்கே உரிய இன்னொரு தொல்லை, அது வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக்கிடப்பது. ஏர்கோன் ஓடும்போது ஈரம் இறங்கும். நிறுத்தியதும் வெளிக்காற்று இடுக்கு வழியாக வந்து, இன்னும் குளிர் ஆறாத கம்பளத்திலும் சோபாவிலும் படியும். ஏர்கோனைப் பெரிதாகப் போட்டாலும் பலனில்லை. சின்ன அறைக்கு 2 குதிரைத்திறன் ஏர்கோன் போட்டால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரமே கிடைக்காது. மச்சான் இப்போது ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை இரவு பகலாக ஓடவிடுகிறார். காலையில் வேலைக்குப் போகுமுன் அதன் தொட்டியைக் கொட்ட வேண்டும், மறந்தால் மெஷின் நின்றுவிடும். வெளியூர்ப் பயணம் என்றால் யாரிடமாவது சாவி கொடுத்துவிட்டுப் போகிறார். குழாய் வைத்து நேராக வடிகாலுக்கு விடலாம், ஆனால் தரை தாழ்வாக இருப்பதால் அவருக்கு வாட்டம் கிடைக்கவில்லை.

என் மாடி அறையும் ஈரமே இல்லாத அறை அல்ல. ஆனால் தரைக்கடியில் மண் இல்லை, கீழே வரவேற்பறை. அறையின் நான்கு சுவரில் ஒன்றுதான் வெளிச்சுவர். படம் இல்லாத நாளில் கதவைத் திறந்து வைத்தால் வீட்டுக் காற்றே வந்து போகும். ஹைக்ரோமீட்டர் என்ற சின்ன ஈரப்பத மீட்டரை அலமாரியில் வைத்திருக்கிறேன். அது 60 விழுக்காட்டுக்கு மேல் போனால் ஏர்கோனை டிரை மோடில் கொஞ்ச நேரம் விடுகிறேன். பராமரிப்பு என்று நான் செய்வது அவ்வளவுதான். மச்சான் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் அவர் அறை கெட்டுப்போகும், என் அறை கெடாது. எனக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்.

மழையையும் சொல்ல வேண்டும். நிறைய போர்ச்சுகளுக்குத் தகரக் கூரை அல்லது பாலிகார்பனேட். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையானால் இங்கே அடித்துப் பெய்யும். அந்த நேரத்தில் மச்சான் வீட்டில் வசனம் ஒன்றும் காதில் விழாது. மாடி அறைக்கு ஓட்டுக்கூரையும் அதன் கீழே சீலிங்கும் இருப்பதால் மழை வெறும் இரைச்சலாகத்தான் கேட்கிறது. வெள்ள பயமும் இருக்கிறது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்று பார்த்தோம். தண்ணீர் வந்தால் முதலில் போகிற இடம் போர்ச்தான்.

மாடி அறையின் குறைகளை மறைக்க மாட்டேன். மேற்குப் பார்த்த அறை என்றால் மத்தியானம் அடுப்படி மாதிரி இருக்கும். நான் சீலிங்குக்கு மேலே ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) விரித்தேன், அது வெப்பத்துக்கும் சத்தத்துக்கும் சேர்த்தே உதவுகிறது. பேஸ் ஒலி கான்கிரீட் தளம் வழியாகக் கீழே இறங்கும். பேஸ் ஒலிக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தை வைத்த பிறகும் அம்மா கீழே சீரியல் பார்க்கும்போது, “சாமி, கொஞ்சம் குறைச்சு வைய்யா” என்று குரல் கொடுப்பார். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கிறது. அந்தப் பக்கம் ஸ்பீக்கரை வைக்காமல் புத்தக அலமாரியை நிறுத்திவிட்டேன். இரவு பத்தரைக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். நள்ளிரவில் முழுச் சத்தத்தில் படம் பார்த்தே ஆக வேண்டும் என்பவருக்கு மாடி அறை ஒத்துவராது.

செலவில் போர்ச் மாடி அறையைவிடப் பல மடங்கு. சுவர், கூரை, தளம், வயரிங், வரைபடக் கட்டணம் எல்லாம் புதிதாக வரும். மாடியில் பெயின்ட், ஒலிப்பலகை, திரைச்சீலை, வயர் இவ்வளவுதான். மிச்சமான காசில் லேசர் புரொஜெக்டர் வாங்கலாம். பல்புக்குச் சில ஆயிரம் மணி நேரம் என்றால் லேசருக்கு 20,000 மணி நேரம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். என் மெஷின் இன்னும் அந்தக் கணக்கில் தொடக்கத்தில்தான் இருக்கிறது, ஆகவே அதை நான் சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. மின்னல் தடுப்பு பிளக்கை மட்டும் எந்த அறையானாலும் விடாதீர்கள்.

பங்களாவிலும் சில செமி-டி (இரட்டை) வீடுகளிலும் வீட்டோடு சேர்த்துக் கட்டிய மூடிய கராஜ் இருக்கும். கூரையும் சுவரும் வீட்டுடையதே என்பதால் அங்கே கதை மாறலாம். அப்படி ஒரு அறையில் நான் ஓரிரு முறைதான் உட்கார்ந்திருக்கிறேன், ஈரம் வருடக்கணக்கில் அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தரையை உடைத்து, ஈரத்தடுப்பு விரிப்பு போட்டு, வீட்டு மட்டத்துக்கு உயர்த்தி மறுபடி ஊற்றத் தயார் என்றால் சாதாரண போர்ச்சும் நல்ல அறையாகும். அந்த வேலையை விட்டுவிட்டு மேலே மட்டும் அலங்காரம் செய்கிற கட்டட வேலைக் குத்தகையாளரை நம்ப வேண்டாம்.

எதையும் தொடங்குமுன் ஒன்று செய்து பாருங்கள். போர்ச்சில் டைல் இல்லாத இடமாகப் பார்த்து, ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். அடியில் நீர்த்துளியோ, கான்கிரீட் கறுத்தோ இருந்தால் அந்தத் தரை ஈரம் கக்குகிறது என்று அர்த்தம். வெயில் நாளில் ஒரு தடவை, நல்ல மழைக்கு மறுநாள் ஒரு தடவை செய்யுங்கள். மாடி அறையில் மீட்டரை ஒரு மாதம் வையுங்கள். அதற்குப் பிறகு குத்தகையாளருக்குப் போன் செய்தால் போதும்.