நாட்டுப்படகுக்கு உகந்த கையடக்க ஜிபிஎஸ்: கார்மின் ஜிபிஎஸ்மேப் 78எஸ்

மண்டபத்திலிருந்து பாக் விரிகுடாவுக்குள் நாட்டுப்படகில் சென்றுவரும் நான், புதிய ஜிபிஎஸ் வாங்கும்போது முதலில் கவனித்தது அது மிதக்குமா என்பதையே. ஏனெனில், முன்பு வைத்திருந்த கருவி வலை இழுக்கும்போது கைநழுவி, அதில் பதிந்திருந்த, மீன் கிடைக்கும் இடங்களின் குறிகள் அனைத்துடனும் மூழ்கிவிட்டது. கார்மின் 78எஸ் மிதக்கும். இரண்டு ஏஏ பேட்டரிகளில் இயங்குவதால், படகில் சார்ஜ் ஏற்ற வழியில்லாவிட்டாலும் கவலையில்லை. ஈரக்கையோடு அழுத்துவதற்குத் தொடுதிரையைவிடப் பொத்தான்களே மேல் என்பது என் கருத்து.

1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் வரையறுத்த கடல் எல்லைக்கோட்டை இதில் புள்ளிகளாகப் பதிந்து, நெருங்கினால் ஒலியெழுப்புமாறு அமைக்கலாம். ஆனால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றிய வட்டத்துக்குள் நுழைந்தால் மட்டுமே ஒலிக்கும் என்பதால், புள்ளிகளை நெருக்கமாக இடுவது மிக அவசியம். இரவுத் தொழிலுக்குச் செல்வோருக்கு இவ்வசதிக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். ஆழமும் மீன் கூட்டமும் அறிய எக்கோ சவுண்டர் தனியே வேண்டும்.