ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸ்: வழிகாட்டியோடு மினிபஸ்ஸா, தனியாகப் பொதுப் பேருந்தா?

கையில் காசு குறைவு, முதுகில் ஒரு பை. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸை எதில் சுற்றிப் பார்ப்பது? எடின்பரோ ஹாஸ்டல்களில் தங்குபவர்களுக்கு அடிக்கடி வரும் குழப்பம் இது.

செலவு
மினிபஸ்: மொத்தமாக ஒரு தொகை. படுக்கையும் சாப்பாடும் பெரும்பாலும் தனிக் கணக்கு.
பொதுப் பேருந்து: முன்கூட்டியே பதிந்தால் மலிவு.

வழி
மினிபஸ்: ஒரே நாளில் பல இடங்கள், ஆனால் இறங்கிப் பார்க்கக் கொஞ்ச நேரமே.
பொதுப் பேருந்து: கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் பேருந்து கிளென்கோ பள்ளத்தாக்கு வழியாகவே போகும். ரயில் அப்படிப் போகாது, ரானக் மூர் என்னும் சதுப்புவெளி வழியாகச் சுற்றிவிடும். இதைக் கவனிக்காமல் ரயில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

வரலாறு
என் ஓட்டு இங்கே வழிகாட்டிக்குத்தான். பழைய போர்க்களமான கலோடன், பார்வைக்கு வெறும் புல்வெளி. காற்றில் படபடக்கும் சிவப்புக் கொடிகள் அரசுப் படை நின்ற வரிசை, நீலக் கொடிகள் ஜேக்கபைட்டுகள், அதாவது பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் ஆதரவாளர்கள், நின்ற வரிசை. 1746 ஏப்ரல் 16 அன்று ஒரு மணி நேரத்துக்குள் போர் முடிந்தது, ஜேக்கபைட்டுகள் தோற்றார்கள். குலப்பெயர் பொறித்த கற்களுக்கு முன்னால் நிற்கும்போது, விஷயம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னால் மனம் கனத்துப்போகும். 1692-இல் கிளென்கோவில், விருந்தினராகத் தங்கியிருந்த அரசுப் படையினரே மெக்டொனால்டு குலத்தாரைக் கொன்றதும் அப்படித்தான்.

முதல் பயணம், மூன்று நாள்தான் அவகாசம் என்றால் மினிபஸ். ஒரு வாரம் கையில் இருந்து, நடக்கப் பிடித்தால் பேருந்து. கிளென்கோவில் இரண்டு இரவு தங்குங்கள். கோடையில் மிட்ஜ் என்னும் கடிக்கும் குட்டிப் பூச்சிகளை விரட்டும் மருந்து அவசியம்.