மௌரிட்ஷைஸ் அருங்காட்சியகம்: பல் பிடுங்குபவரும் டாக்டர் துல்ப்பும்

ஹேக் நகரின் ஹோஃப்வைவர் குளக்கரையில் நிற்கும் மௌரிட்ஷைஸ் அருங்காட்சியகத்திற்கு வருவோரில் மிகப் பலர் முத்துத்தோடு அணிந்த பெண்ணின் ஓவியத்தைத் தேடியே வருகின்றனர். நான் சென்றது, யான் ஸ்டேன் 1651இல் வரைந்த 'பல் பிடுங்குபவர்' என்னும் ஓவியத்தைக் காண்பதற்காக. அதன் உயரம் ஏறக்குறைய 32 செ.மீ. மட்டுமே என்பதால் கவனிக்காமல் கடந்துவிடுவது எளிது. நான் பணம் கட்டிச் சேர்ந்திருந்த சுற்றுலாக் குழுவின் வழிகாட்டியும் அப்படித்தான் கடந்து போனார். குழு கலைந்த பிறகு தனியாகத் திரும்பி வந்து பார்த்தேன்.

அக்காலத்தில் பல் பிடுங்குவோர் ஊர் ஊராகச் சென்று, சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கூட்டம் சேர்த்துத் தொழில் செய்தனர். வேடிக்கை பார்க்க வந்தவர்களே அவர்களுக்கு விளம்பரம். அடுத்த நோயாளியும் அந்தக் கூட்டத்திலிருந்தே வர வேண்டும். ஸ்டேனின் ஓவியத்தில் குடியானவச் சிறுவன் ஒருவன் நாற்காலியோடு கட்டப்பட்டு வலியில் துடிக்கிறான். முத்திரை பதித்த சான்றிதழ் ஒன்று எல்லோர் கண்ணிலும் படும்படி மேசைமீது கிடக்கிறது. சுற்றி நிற்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சிறுவனுடைய வேதனை அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. இத்தனை சிறிய பரப்பில் இத்தனை முகபாவங்களைக் கொண்டுவந்திருக்கும் தூரிகையை நான் மனமார வியக்கிறேன்.

அதே கட்டடத்தில்தான் ரெம்பிராண்ட் தம் இருபத்தைந்தாம் வயதில், 1632இல், வரைந்த 'டாக்டர் நிக்கோலாஸ் துல்ப்பின் உடற்கூற்றுப் பாடம்' இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் அறுவை மருத்துவர் சங்கம், உடல் விரைவில் அழுகாதிருக்கும் பொருட்டுக் குளிர்காலத்தில், தூக்கிலிடப்பட்ட குற்றவாளியின் உடலை வைத்து இத்தகைய பாடத்தை நடத்தியது. பொதுமக்களும் கட்டணம் செலுத்தி வந்து பார்த்தனர். இங்கே கிடத்தப்பட்டிருப்பவர் திருட்டுக்காகத் தூக்கிலிடப்பட்ட அரிஸ் கிண்ட். அவருடைய இடது முன்கையின் தசைகளைத் துல்ப் இடுக்கியால் தூக்கிப் பிடித்திருக்கிறார். சூழ்ந்திருக்கும் ஏழு பேரில் சிலரது பார்வை, உடலைத் தாண்டி, காலடியில் விரிந்திருக்கும் பெரிய நூலின்மீது செல்கிறது.

இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் இந்த அருங்காட்சியகம் தரும் பெரும் பேறு என்பேன். தெருவில் நடந்த வைத்தியத்தை வரைந்த ஸ்டேன் வேடிக்கை பார்த்தவர்களையும் வரைந்தார்; ரெம்பிராண்டோ கட்டணம் கொடுத்து வந்த கூட்டத்தை முற்றிலும் விட்டுவிட்டார். அந்தக் கூட்டம் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நாம்தான் நிற்கிறோம், நுழைவுச்சீட்டும் வாங்கிக்கொண்டு. அதை உணர்ந்தபோது கிண்டின் நிழல் படிந்த முகத்தை என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

அறைகள் ஒரு வீட்டின் அறைகளைப் போலச் சிறியவையாதலால் ஓவியங்களை மிக நெருங்கிப் பார்க்கலாம். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. முதலில் ஸ்டேனிடம் செல்லுங்கள். துல்ப்பிடம் பிறகு போகலாம்.