டெல்டா டெமு: எட்டுப் பெட்டி ரேக்கில் எங்கே லாபம், எங்கே தொல்லை

காவிரி டெல்டாவில் ஓடும் டெமு, அதாவது டீசல் எஞ்சின் பெட்டிகளோடு சேர்ந்தே இருக்கும் பயணிகள் ரயில், மணிக்கு 100 கி.மீ. வேகம் போகுமா என்று கேட்டால் போகும். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை கட்டிய 1400 குதிரைத்திறன் வகை அந்த வேகத்தை எட்டும். ஆனால் டெல்டாவில் அதனால் பெரிய பலன் இல்லை. இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே 6 கி.மீ. என்று வையுங்கள். 80-இலிருந்து 100-க்கு ஏற்றினால், நிற்காமல் ஓடினாலே மிச்சம் 54 விநாடி. நின்று கிளம்பினால் அதிலும் பாதி போய்விடும்.

லாபம் இரண்டு முனையிலும் பவர் கார், அதாவது எஞ்சின் உள்ள பெட்டி, இருப்பதில்தான். பிரிட்டன் 1976-இல் ஓடவிட்ட இன்டர்சிட்டி 125-உம் இதே அமைப்பு: முனைக்கு ஒரு 2250 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், மணிக்கு 200 கி.மீ. வேளாங்கண்ணி மாதிரி கடைசி நிலையத்தில், தனி எஞ்சின் இழுக்கும் லோகோ வண்டி என்றால் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையில் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்டி, பிரேக் குழாயில் காற்றழுத்தம் 5 கிலோ ஏறும்வரை காத்திருக்க வேண்டும். டெமுவில் லோகோ பைலட் அந்த முனைக்கு நடந்து போய், பிரேக் சோதித்துக் கிளம்பலாம். ஒரு எஞ்சின் படுத்தாலும் மற்றது இழுத்துக்கொண்டு ஊர் சேர்க்கும், நேரம்தான் பிந்தும்.

குறைகள்? எட்டுப் பெட்டி ரேக்கின் (ஒன்றாகக் கோத்த பெட்டித் தொடர்) 32 அச்சுகளில் இழுப்பவை 8 மட்டுமே. தூறலில் தண்டவாளம் வழுக்கும், சக்கரம் சுழலும், கிளம்பும்போது வெட்டி இழுக்கும். சம்பா அறுவடையில் தூசியும் வைக்கோல் துணுக்கும் ரேடியேட்டரை அடைத்தால் தண்ணீர் சூடேறி எஞ்சின் சக்தி குறையும். வண்டி திடீரென்று ஊர்ந்தால் இதையும் சந்தேகிக்கலாம்.

திருவாரூர்–காரைக்குடி தடத்தில் மட்டும் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். 2019-இல் அகலப்பாதை திறந்த புதிதில் கேட் கீப்பர் போதாமல், ரயிலில் வந்த ஊழியரே இறங்கிக் கேட்டை மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு, மறுபடி ஏறினார். அங்கே எத்தனை குதிரைத்திறன் இருந்து என்ன?

இடம் பிடிக்க: பவர் காரில் எஞ்சின் அறைக்குப் பின்னால் கொஞ்சம் இருக்கை உண்டு, கூட்டம் குறைவு, ஆனால் இரைச்சலும் சூடும் சேர்ந்து வரும். நடுப்பெட்டிகளே மேல். கழிவறை இல்லாத ரேக்குகளும் ஓடுகின்றன, குழந்தைகளோடு போனால் ஏறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.