தேனீ வளர்ப்புப் பயிற்சி: ஊருக்கு வரும் வண்டியா, மையத்தில் தங்கிப் படிப்பதா?

சேர்வராயன் மலையில் எங்கள் உழவர் குழுவுக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சி தேவைப்பட்டபோது இரண்டு வழிகள் இருந்தன. சமவெளியில் உள்ள பயிற்சி மையத்தில் சில நாட்கள் தங்கிப் படிப்பது ஒன்று. தேனீக்களை அமைதிப்படுத்தும் புகைப்பான், அடை கட்டும் மரச் சட்டங்கள், தேன் பிழியும் கருவி ஆகியவற்றோடு வரும் நடமாடும் வகுப்பறையை ஊருக்கே வரவழைப்பது மற்றொன்று. நாங்கள் வண்டியைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

செலவைப் பற்றியோ, மாடு கன்றுகளை விட்டுவிட்டு வெளியூரில் தங்க முடியாத பெண்களைப் பற்றியோ விரித்துச் சொல்லத் தேவையில்லை. என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது பருவம்தான்.

ஏற்காட்டுப் பக்கம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோடை மழை விழுந்த சில நாட்களில் காபி பூத்து, சில நாட்களிலேயே உதிர்ந்தும் விடுகிறது. இந்தியத் தேனீயில் முட்டையிலிருந்து ஒரு வேலைக்காரத் தேனீ வெளிவர 18 முதல் 20 நாட்கள் ஆகின்றன; அது வெளியே பறந்து தேன் சேர்க்கத் தொடங்க மேலும் இரண்டு மூன்று வாரங்கள் செல்லும் என்பதால், பூக்கும் காலத்துக்கு ஏறக்குறைய ஆறு வாரங்கள் முன்பே பெட்டியில் உள்ள கூட்டத்தைப் பலப்படுத்தத் தொடங்க வேண்டும். மழைக்காலத்திலோ வேலையே வேறு: சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும், தேனீக்கள் மொய்க்காத வெற்று அடைகளை, அடையைத் தின்னும் மெழுகுப் பூச்சி பற்றுமுன் எடுத்துவிட வேண்டும். பசியும் பூச்சித் தொல்லையும் மிஞ்சினால் இந்தியத் தேனீ கூட்டத்தோடு பெட்டியை விட்டுப் போய்விடும். மையத்தில் தொடர்ந்து ஐந்து நாள் படிப்பவர் இந்தச் சுழற்சியில் ஒரு கட்டத்தை மட்டுமே கையால் தொட்டுப் பார்க்கிறார். வண்டி பருவத்துக்கு ஒரு முறை வந்தால், தம் பெட்டியிலேயே எல்லாவற்றையும் பார்க்கிறார். இந்தியத் தேனீக்கான ஒரு வகைப் பெட்டியான நியூட்டன் பெட்டியின் சட்டம் வேறு அளவுப் பெட்டியில் பொருந்தாது என்பதால், தம் பெட்டியில் பழகுவது சிறிய வசதியன்று.

ஆனால் தேனீக்களை வண்டியில் ஏற்றி வரச் சொல்லாதீர்கள். பகல் வெயிலில், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கினால் அடைகள் அறுந்து விழும். ஊரில் நான்கைந்து பெட்டிகளாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பு வெறும் கண்காட்சிதான். (பெரிய வண்டி எஸ்டேட் பாதைகளில் திரும்பாது, சிறிய வேனே போதும்.)

ராணி வளர்ப்பையும் நோய்களையும் ஆழமாகக் கற்க மையமே மேல். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்த தாய்லாந்து சாக்புரூட் நோயில், இறந்த புழு நீர் நிறைந்த பை போல ஆகிவிடும். இத்தகைய மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு வண்டியில் குறைவு. இத்தாலியத் தேனீ வளர்ப்போருக்கும் என் முடிவு பொருந்துமா என்று சொல்லத் துணிய மாட்டேன். எங்கள் அனுபவம் இந்தியத் தேனீயோடு மட்டுமே.

வண்டியை அழைப்பவர்கள் முன்பணம் கொடுக்குமுன் அடுத்தடுத்த வருகைகளின் மாதங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று மழைக்காலத்தில் அமைய வேண்டும். ஒரே ஒரு முறைதான் வருவோம் என்றால், இரண்டு பேரை மையத்துக்கு அனுப்புவதே நல்லது.